என்பிசி போனது, ஏழாம் நம்பர் நின்றது
(வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில், அமெரிக்காவின் மயாமி நகரத்து 10ஆம் நம்பர் டிவி நிலையம் 2025 ஆகஸ்டில் ஏபிசி நெட்வொர்க்கை விட்டுப் பிரிந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். இதே மாதிரி நெட்வொர்க்கை ஒரே முதலாளி இரண்டு ஊர்களில் பறிகொடுத்திருக்கிறார் என்றும் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த இதழ் முழுக்க அந்த விஷயம்தான்.

*நிலையம் வேறு, நெட்வொர்க் வேறு என்று எழுதுகிறீர்கள். நமக்கு சேனல் என்றால் சேனல்தானே? கொஞ்சம் விளக்குங்களேன். (பள்ளி ஆசிரியை, மதுரை)*

நம் ஊரில் ஒரு சோப்புக் கம்பெனிக்கு மதுரையில் ஒருவர் ஏஜென்சி எடுத்திருப்பார், திருச்சியில் இன்னொருவர். சோப்பு கம்பெனியுடையது, கடையும் குடோனும் வண்டியும் ஏஜென்ட்டுடையது. அமெரிக்க டிவி ஏறக்குறைய அப்படித்தான் வளர்ந்தது. என்பிசி, சிபிஎஸ், ஏபிசி, ஃபாக்ஸ் ஆகியவை நெட்வொர்க்குகள். தொடர்கள், தேசியச் செய்தி, அமெரிக்க ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை) எல்லாம் அவர்கள் சரக்கு. அதை ஒரு ஊரில் ஒளிபரப்புகிற கோபுரமும், ஸ்டுடியோவும், அரசு கொடுத்த லைசென்சும் பெரும்பாலும் வேறு ஒரு முதலாளியிடம் இருக்கும். பெரிய நகரங்களில் மட்டும் நெட்வொர்க்கே சொந்தமாக நிலையம் வைத்திருக்கும். மற்ற ஊர்களில் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்துக்குப் பெயர்தான் இணைப்பு, அவர்கள் மொழியில் அஃபிலியேஷன்.

ஒரு நாளைக்கு இதில் யார் பங்கு எவ்வளவு என்று பார்த்தால் சட்டென்று புரியும். காலையில் நெட்வொர்க்கின் தேசிய நிகழ்ச்சி. மதியம், மாலை உள்ளூர்ச் செய்தியும், நிலையம் தன் காசில் வாங்கிய நிகழ்ச்சிகளும். இரவு 8 முதல் 11 வரை நெட்வொர்க். 11 மணிக்கு மறுபடி உள்ளூர்ச் செய்தி, அதற்குப் பிறகு நெட்வொர்க்கின் பின்னிரவு நிகழ்ச்சி. இதில் ஊர்க்காரர்களுக்கு முகம் தெரிந்தவர்கள் யார் என்றால் உள்ளூர்ச் செய்தி வாசிப்பவரும், நாளைக்குப் பனி கொட்டுமா என்று சொல்பவரும்தான். மூன்று தலைமுறை அந்த நம்பரை அழுத்தியே பழகியிருக்கும். திடீரென்று ஒரு நாள் அந்த நம்பரில் நெட்வொர்க் இருக்காது, இரவு 8 மணிக்கு மூன்று மணி நேரம் காலியாக நிற்கும்.

*இதில் யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள்? (வணிகவியல் மாணவர், சென்னை)*

முதலில் நெட்வொர்க்தான் நிலையத்துக்குக் கொடுத்தது. என் நிகழ்ச்சியை உன் ஊரில் போடுகிறாய், உன் நேரத்தை எனக்குத் தருகிறாய், அதற்குக் கூலி என்று பல ஆண்டுகள் அப்படியே ஓடியது. 1992இல் அமெரிக்காவில் ஒரு கேபிள் சட்டம் வந்தது. அதன்படி உள்ளூர் நிலையத்தின் ஒளிபரப்பைக் கேபிள்காரர் எடுத்துக் கொடுக்க வேண்டுமென்றால் நிலையத்தின் சம்மதம் வேண்டும். சம்மதத்துக்கு விலை கேட்க ஆரம்பித்தார்கள். நாளடைவில் ஒவ்வொரு கேபிள் சந்தாதாரருக்கும் இவ்வளவு என்று மாதா மாதம் நிலையத்துக்குப் பணம் வந்தது.

நெட்வொர்க் சும்மா இருக்குமா? மக்கள் காசு கொடுப்பதே என் ஃபுட்பாலுக்காகத்தான், அதில் எனக்குப் பங்கு கொடு என்றது. பங்கு ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஏறியது. இன்றைக்கு நிலையம்தான் நெட்வொர்க்குக்குக் கப்பம் கட்டுகிறது. ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுத்த கம்பெனி, ஏஜென்ட்டிடமே வாடகை வாங்குகிற நிலைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கீழே சொல்லப்போகிற சண்டைகளில் சில இந்தத் திருப்பத்துக்குள் அடங்கும்.

*இரண்டு முறை பறிகொடுத்த அந்த முதலாளி யார்? முழுக் கதையும் வேண்டும். (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்)*

எட் ஆன்சின். சன்பீம் டெலிவிஷன் என்ற குடும்ப நிறுவனத்தின் முதலாளி. மயாமியில் 7ஆம் நம்பர், டபிள்யூ.எஸ்.வி.என் நிலையம் அவருடையது. 1956இல் தொடங்கிய நாளிலிருந்து என்பிசி நிகழ்ச்சிகள் அதில்தான் வந்தன.

1987இல் என்பிசி மயாமியில் சொந்தமாக ஒரு நிலையம் வேண்டுமென்று 4ஆம் நம்பரான டபிள்யூ.டி.வி.ஜே-யை 27 கோடி டாலருக்கு வாங்கியது. ஃப்ளோரிடாவின் முதல் டிவி நிலையம் அது, 1949இல் வந்தது. ஆனால் அந்த நிலையத்துக்கு சிபிஎஸ்ஸோடு 1988 கடைசி வரை ஒப்பந்தம் இருந்தது. ஆன்சினுக்கும் என்பிசியோடு ஒப்பந்தம் பாக்கி. அதனால் ஓராண்டுக்கும் மேல் நடந்ததைக் கவனியுங்கள்: என்பிசிக்குச் சொந்தமான நிலையம் போட்டியாளரான சிபிஎஸ்ஸின் தொடர்களை ஒளிபரப்புகிறது, என்பிசியின் தொடர்களோ தன்னைக் கைவிடப் போகிறார்கள் என்று தெரிந்த ஆன்சினின் நிலையத்தில் ஓடுகின்றன. விவாகரத்து முடிவாகி, தேதியும் குறித்த பிறகு ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டது மாதிரி. அந்த மாதங்களில் 7ஆம் நம்பர் அலுவலகத்துக்குள் வேலைக்குப் போய் வந்தவர்களை நினைத்தால் எனக்கு மனசு பிசைகிறது.

1989 ஜனவரி 1 அன்று மாற்றம் வந்தது. ஆன்சினுக்குக் கிடைத்தது ஃபாக்ஸ். இன்றைய ஃபாக்ஸ் இல்லை. 1986இல்தான் பிறந்த, அப்போது வாரத்தில் சனி, ஞாயிறு இரவுகளுக்கு மட்டும் சரக்கு வைத்திருந்த குழந்தை நெட்வொர்க். மற்ற ஐந்து இரவுகள்? அங்கேதான் ஆன்சின் எடுத்த முடிவு. பழைய படங்களை வாங்கிப் போட்டு நேரத்தைத் தள்ளியிருக்கலாம், செய்திப் பிரிவைக் கலைத்துச் செலவைக் குறைத்திருக்கலாம். அன்றைக்கு நெட்வொர்க் இல்லாத பல நிலையங்கள் அப்படித்தான் இருந்தன. அவர் செய்திப் பிரிவைப் பெரிதாக்கினார். ஆள் எடுத்தார், ஒரு நாளில் பல மணி நேரம் செய்தியே போட்டார். செய்திப் பிரிவின் தலைவராக இருந்த ஜோயல் சீட்வுட் அதற்கு வேகமான, சத்தமான ஒரு பாணியைக் கொண்டு வந்தார்.

அந்தப் பாணியில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொலை, துப்பாக்கிச் சூடு, ஹெலிகாப்டர் காட்சி என்று அவ்வளவு ரத்தம். 1994இல் அந்தப் பகுதி ஹோட்டல்கள் சில, சுற்றுலாப் பயணிகள் பயந்துவிடுகிறார்கள் என்று அறைகளில் 7ஆம் நம்பரையே எடுத்துவிட்டன. அது குறைதான். ஆனால் நெட்வொர்க் போன அன்று இந்த நிலையம் செத்தது என்று நினைத்தவர்கள் நினைப்பு நடக்கவில்லை. நன்றாகச் சம்பாதித்தது, இன்றும் இருக்கிறது.

1993இல் அதே ஆன்சின் பாஸ்டனில் இன்னொரு 7ஆம் நம்பரை வாங்கினார்: டபிள்யூ.எச்.டி.எச். வாங்கும்போது அது சிபிஎஸ் நிலையம். 1995 தொடக்கத்தில் வேறு ஒரு பெரிய மாற்றத்தில் சிபிஎஸ் பாஸ்டனின் 4ஆம் நம்பருக்குப் போக, இவர் நிலையத்துக்கு வந்தது யார் தெரியுமா? மயாமியில் கைவிட்டுப் போன அதே என்பிசி. 20 வருடத்துக்கும் மேல் ஒழுங்காகத்தான் போனது. இதற்கிடையில் 2011இல் காம்காஸ்ட் என்ற பெரிய கேபிள் நிறுவனம் என்பிசியைக் கையில் எடுத்தது. பாஸ்டன் வட்டாரத்தில் கேபிள் விற்பவர்கள் அவர்கள், 24 மணி நேர வட்டாரச் செய்திச் சேனல் ஒன்றும் அவர்கள் கையில் இருந்தது. செய்திப் பிரிவு தயார், கேபிள் தயார், பிறகு எதற்கு இடையில் ஒருவர்? 2016 ஜனவரியில் அறிவிப்பு வந்தது: 2017 ஜனவரி 1 முதல் பாஸ்டனில் நாங்களே நிலையம் நடத்துகிறோம். வீட்டுச் சொந்தக்காரர் "நானே குடிவரப் போகிறேன், காலி பண்ணுங்க" என்று சொன்ன கதை. நிலையத்தையே விற்றுவிடுங்கள் என்றும் கேட்டுப் பார்த்தார்கள். ஆன்சின் விற்கவில்லை.

*அவர் கோர்ட்டுக்குப் போனாரா? (வழக்கறிஞர், ஈரோடு)*

போனார். 2016 மார்ச்சில் பாஸ்டன் ஃபெடரல் நீதிமன்றத்தில் காம்காஸ்ட் மீது வழக்கு. 2011இல் காம்காஸ்ட் என்பிசியை எடுத்துக்கொள்ள அரசு அனுமதி கொடுத்தபோது போட்ட நிபந்தனைகளை மீறுகிறார்கள், ஆன்டெனாவில் இலவசமாகப் பார்ப்பவர்களைக் கேபிளுக்குத் தள்ளுகிற வேலை இது, ஏகபோகம் என்பது அவர் வாதம். மே மாதமே நீதிபதி ரிச்சர்ட் ஸ்டெர்ன்ஸ் தள்ளுபடி செய்துவிட்டார். ஒப்பந்தக் காலம் முடிகிறது, புதுப்பிக்க மாட்டேன் என்று எதிர்த் தரப்பு சொல்கிறது. வக்கீல் நீங்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் வழக்குப் போட்டது சரி என்றே நினைக்கிறேன், ஆன்டெனாக்காரர்களின் விஷயம் அதனால்தான் ஊரில் பேச்சானது.

*ஆன்டெனாவில் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்களா? அவர்களுக்கு என்ன ஆனது? (இல்லத்தரசி, நாகர்கோவில்)*

இருக்கிறார்கள். வயதானவர்கள், மாதச் சந்தா கட்ட முடியாதவர்கள், இப்போது கேபிளை வெட்டிவிட்ட இளைஞர்களும்.

பாஸ்டனில் என்பிசி கையில் அப்போது இருந்த முழுச் சக்தி நிலையம் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரின் மெரிமாக் ஊரைச் சேர்ந்த 60ஆம் நம்பர். அதன் அலை பாஸ்டனின் தெற்குப் பக்கம் சரியாகப் போய்ச் சேராது. அதனால் சக்தி குறைந்த சிறிய நிலையம் ஒன்று, இன்னொரு நிலையத்தில் வாடகைக்கு எடுத்த துணைச் சேனல் (ஒரே நிலையத்தின் அலையில் கூடுதலாக ஓடும் சேனல்) என்று துண்டு துண்டாக ஒட்டிச் சமாளித்தார்கள். மாசசூசெட்ஸ் செனட்டர் எட் மார்க்கி, இலவசமாகப் பார்த்தவர்கள் இழக்கக் கூடாது என்று கவலை தெரிவித்தார். 2017 ஜனவரி 1 ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு. அன்று இரவு என்பிசியில் கிரீன் பே அணிக்கும் டெட்ராய்ட் அணிக்கும் ஃபுட்பால் ஆட்டம், பருவத்தின் கடைசி லீக் ஆட்டம். வழக்கம்போல் 7ஐ அழுத்தியவர்களுக்கு அது வரவில்லை.

எழுதும்போது எனக்கு ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. அது வேறு ஊர், வேறு நிலையம், பெயர் வேண்டாம். அங்கே என் அக்கா வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன், இப்படி ஒரு இணைப்பு கைமாறிய நேரம். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த பெரியவர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், கதவைத் தட்டி டிவியில் ஏதோ கோளாறு, வந்து பார்க்க முடியுமா என்று அத்தானைக் கேட்டார். நானும் கூடப் போனேன். ஒரு காகிதத் தாள் அளவுக்குத் தட்டையான ஆன்டெனா, ஜன்னல் கண்ணாடியில் நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருந்தார். டேப் மஞ்சளாகிப் போயிருந்தது. அத்தான் ரிமோட்டை வாங்கி மெனுவுக்குள் போய் சேனல் ஸ்கேன் கொடுத்தார். சதவீதம் ஒவ்வொன்றாக ஏறுகிறது, பெரியவர் நின்றபடியே பார்க்கிறார். புது நம்பர் வந்தது, படமும் வந்தது, ஆனால் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து. ஆன்டெனாவை எடுத்துச் சமையலறை ஜன்னலில் வைத்தோம், மாடிப்படி ஜன்னலில் வைத்தோம். மாடிப்படியில் தெளிவாக வந்தது, ஆனால் கம்பி டிவி வரை எட்டவில்லை. அடுத்த நாள் அத்தான் பத்து மீட்டர் கம்பி வாங்கி வந்து போட்டுக் கொடுத்தார். பெரியவர் அதற்குள் பழைய நம்பருக்கே திரும்பி, அங்கே ஓடிய உள்ளூர்ச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணை, அதாவது செய்தி வாசிப்பவரை, எத்தனையோ வருடமாகத் தெரியும் என்று சொன்னார்.

பல முதலாளிகள் கணக்குப் போடும்போது விட்டுவிடுகிற ஆள் அவர்.

*எல்லா நிலையமும் ஆன்சினுடையது போலப் பிழைத்ததா? கெட்ட செய்தியையும் சொல்லுங்கள். (சிறு தொழில் செய்பவர், கோவை)*

இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் 4ஆம் நம்பர், ஊரார் க்ரான் என்று கூப்பிடுகிற நிலையம், இதற்கு நேர் உதாரணம். அரை நூற்றாண்டாக என்பிசி நிலையம். அந்த ஊர் நாளிதழை நடத்திய குடும்பத்தின் சொத்து; 1999இல் விற்பனைக்கு வந்தது. என்பிசி எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று ஏலத்தில் நின்றது. யங் பிராட்காஸ்டிங் என்ற நிறுவனம் 80 கோடி டாலருக்கு மேல் கொடுத்து தட்டிக்கொண்டு போனது. தனி ஒரு டிவி நிலையத்துக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை, பெரும் பகுதி கடன்.

தோற்ற என்பிசி, இனி என் நிகழ்ச்சி வேண்டுமென்றால் வருடத்துக்கு இவ்வளவு கோடி கட்டு, உன் நிலையத்தில் என் பெயரை இப்படிப் போடு என்று நிபந்தனைகளை வைத்தது. யங் மறுத்தது. பக்கத்து ஊரான சான் ஹோசேயின் 11ஆம் நம்பர், கே.என்.டி.வி, பணம் கட்டத் தயாரானது. பிறகு 2001 கடைசியில் என்பிசி அந்த நிலையத்தையே 23 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. 2002 ஜனவரி 1 அன்று க்ரானில் என்பிசி இல்லை. 80 கோடிக்கு மேல் கொடுத்து வாங்கிய பொருளின் மதிப்பு இரண்டே வருடத்தில் இறங்கியது, கடன் மட்டும் இறங்கவில்லை. 2009 பிப்ரவரியில் யங் நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

க்ரானிலும் நல்ல செய்திப் பிரிவு இருந்தது, மரியாதையும் இருந்தது. அதனால் செய்திப் பிரிவு இருந்தால் எல்லாம் தப்பித்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கடன் இருந்தால் செய்திப் பிரிவில்தான் முதலில் கை வைப்பார்கள். அங்கேயும் ஆட்களைக் குறைத்தார்கள், கேமராமேன், எடிட்டர் வேலையையும் ரிப்போர்ட்டரே பார்க்கட்டும் என்று மாற்றினார்கள். ஆன்சினுக்கு வட்டி கட்ட வேண்டிய நெருக்கடி இல்லை, பங்குச் சந்தைக்குப் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை, குடும்ப நிறுவனம். தொழில் செய்பவர் நீங்கள். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். அப்புறம், க்ரான் முழுசாகச் சாகவும் இல்லை. கை மாறி மாறி, இன்றும் நாள் முழுக்க உள்ளூர்ச் செய்தி போடுகிறது.

*நெட்வொர்க்குக்கு இதில் நஷ்டமே வராதா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)*

வரும், நன்றாகவே வரும். 1993 டிசம்பரில் சிபிஎஸ் கையில் பல காலமாக இருந்த ஃபுட்பால் உரிமையை ஃபாக்ஸ் நாலு வருடத்துக்கு 158 கோடி டாலர் என்று தூக்கிக்கொண்டு போனது. ஃபுட்பால் கிடைத்ததே தவிர, அதைக் காட்ட ஃபாக்ஸிடம் பல ஊர்களில் வலுவான நிலையம் இல்லை. 1994 மே மாதம் நியூ வேர்ல்டு என்ற நிறுவனத்தில் 50 கோடி டாலர் முதலீடு செய்தது, பதிலுக்கு அவர்களுடைய 12 நிலையங்கள் ஃபாக்ஸுக்கு மாறுவதாக ஒப்பந்தம். அதில் அதிகம் அடிபட்டது சிபிஎஸ்.

டெட்ராய்ட்டைப் பாருங்கள். சிபிஎஸ்ஸின் 2ஆம் நம்பர் ஃபாக்ஸுக்குப் போய்விட்டது. ஊரில் வேறு யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் 62ஆம் நம்பர் சின்ன நிலையத்தை 2.4 கோடி டாலருக்கு வாங்க வேண்டியதாயிற்று. அது சாதாரண நிலையம் இல்லை. 1975இல் கறுப்பின மக்கள் சொந்தமாகத் தொடங்கிய, அமெரிக்கப் பெருநிலத்தின் முதல் டிவி நிலையம். விற்ற அன்று அந்த மக்களில் பலருக்கு நெஞ்சு வலித்திருக்கும், நியாயம்தான்.

சிபிஎஸ் வந்தது, பெயர் வந்தது, ஆனால் செய்திப் பிரிவு வேர் பிடிக்கவில்லை. 2001இல் தொடங்கிய செய்தியை 2002 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு முழு அளவிலான செய்திப் பிரிவு 2023இல்தான் வந்தது. இருபது வருடம், இவ்வளவு பெரிய நகரத்தில், நாட்டின் மிகப் பெரிய நெட்வொர்க்குகளில் ஒன்றின் சொந்த நிலையம் தன் ஊர்ச் செய்தியை முழு அளவில் சொல்லவே இல்லை என்பதை யோசியுங்கள். என்னிடம் கேட்டால், இணைப்பை இழந்த மயாமி 7ஆம் நம்பரைவிட, இணைப்பை வைத்துக்கொண்டு வாய் மூடியிருந்த டெட்ராய்ட் 62தான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

*நான் ஃபோர்ட் லாடர்டேலில் இருக்கிறேன். எங்கள் 10ஆம் நம்பர் ஏன் ஏபிசியை விட்டது? புயல் வந்தால் எதைப் பார்ப்பது என்று அம்மா கேட்கிறார். (மென்பொருள் பொறியாளர், ஃப்ளோரிடா)*

உங்கள் ஊரில் 1957 முதல் 10ஆம் நம்பர் என்றாலே ஏபிசி. டபிள்யூ.பி.எல்.ஜி என்ற பெயரில் கடைசி மூன்று எழுத்தும் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழை நடத்திய ஃபிலிப் எல். கிரஹாமின் முதலெழுத்துகள். அந்தக் குடும்பத்திடம் இருந்த நிலையம் 2014இல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவேக்குப் போனது. 2025 மார்ச்சில், ஏபிசி கேட்கிற கட்டணம் கட்டுப்படியாகாது, அதைக் கொடுத்தால் உள்ளூர்ச் செய்தி நடத்த முடியாது என்று சொல்லிப் பிரிவதாக அறிவித்தார்கள். ஆகஸ்ட் 4 முதல் தனி நிலையம். இங்கே கவனிக்க வேண்டியது, நெட்வொர்க் விரட்டவில்லை, நிலையமே வேண்டாம் என்றது.

அதற்கு அவர்களுக்கு ஒரு முன்மாதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதே பழைய கிரஹாம் குடும்பத்து நிறுவனத்தின் ஜாக்சன்வில் நிலையம், 4ஆம் நம்பர், 2002 ஜூலையில் சிபிஎஸ்ஸின் நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் தனியாக நின்றது. செய்தி நேரத்தைக் கூட்டியது. இன்று வரை நிற்கிறது, தனியாக.

சரி, மயாமியில் ஏபிசி எங்கே போனது? 7ஆம் நம்பருக்கு. அதே ஆன்சின் குடும்ப நிலையத்தின் துணைச் சேனலான 7.2-க்கு. 1989இல் ஒரு நெட்வொர்க் கைவிட்ட நிலையத்தில் இன்று ஃபாக்ஸும் ஏபிசியும். எட் ஆன்சின் 2020 ஜூலையில், 84 வயதில் காலமாகிவிட்டார். இதைப் பார்க்க அவர் இருந்திருக்கலாம் என்று எனக்கு ரொம்பத் தோன்றியது.

உங்கள் அம்மாவுக்குப் பதில்: புயலுக்கு நெட்வொர்க் தேவையில்லை. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் வந்தபோது டபிள்யூ.டி.வி.ஜே-யின் வானிலை அறிவிப்பாளர் பிரையன் நார்க்ராஸ் 23 மணி நேரம் விடாமல் ஒளிபரப்பில் இருந்தார். அலமாரிக்குள், குளியலறைக்குள் ஒளிந்திருந்த குடும்பங்கள் ரேடியோவில் அவர் குரலைக் கேட்டு மெத்தையை மேலே போட்டுக்கொண்டு உயிர் பிழைத்தன. அது என்பிசி நிலையம் என்பது அந்த இரவு யாருக்கும் ஒரு பொருட்டில்லை. 10ஆம் நம்பரில் வானிலைக் குழு அப்படியே இருக்கிறது. அம்மா பார்த்துப் பழகிய முகம் எந்த நம்பரில் இருக்கிறதோ அதையே பார்க்கட்டும், கூடவே பேட்டரி ரேடியோ ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

*நம் ஊரில் இப்படி நடக்குமா? (டீக்கடை உரிமையாளர், தேனி)*

நடக்காது, ஏனென்றால் இழப்பதற்கு நம்மிடம் அந்த ஏற்பாடே இல்லை. சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று வந்தபோதே நேராகச் செயற்கைக்கோளில் ஏறி, கேபிள்காரர் வழியாக எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வந்தது. அதற்கு முன் உங்கள் பக்கம் கொடைக்கானல் டவர். அது தூர்தர்ஷனை அஞ்சல் செய்ததே தவிர, தேனிக்கென்று தனிச் செய்திப் பிரிவு வைத்து உங்கள் ஊர்ச் செய்தி சொல்லவில்லை. உள்ளூர் கேபிள் சேனல்கள் இருக்கின்றன, கோயில் திருவிழாவும் கடை விளம்பரமும் வரும். ஆனால் தேனி நகராட்சிக் கூட்டத்தில் நேற்று என்ன நடந்தது என்று தினமும் மாலை 6 மணிக்குச் சொல்கிற, 60 பேர் வேலை பார்க்கிற ஒரு டிவி நிலையத்தை நாம் பார்த்ததே இல்லை. அமெரிக்கர்கள் எதை இழக்கப் பயப்படுகிறார்கள் என்பது நமக்கு முழுசாகப் புரியாமல் போவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

*இதழியல் முடித்துவிட்டு அமெரிக்காவில் மேற்படிப்பு படிக்கிறேன். நெட்வொர்க் இணைப்பை இழக்கப்போகும் ஒரு நிலையத்தில் பயிற்சி வேலை கிடைத்திருக்கிறது. சேரலாமா? (மாணவி, பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)*

சேருங்கள் அம்மா. ஆனால் சேரும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். நிலையத்துக்குக் கடன் எவ்வளவு? காலியாகப் போகிற இரவு 8 முதல் 11 வரை என்ன போடப் போகிறார்கள்? செய்திப் பிரிவில் ஆள் எடுக்கிறார்களா, குறைக்கிறார்களா? மூன்றாவதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லாவிட்டால், பழைய கேமராமேன் யாராவது இருப்பார், அவரோடு ஒரு காபி குடியுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆள் எடுக்கிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். 2017இல் பாஸ்டன் 7ஆம் நம்பர் என்பிசி போனதும் இரவு நேரத்தில் செய்தியைத்தான் நீட்டியது. நேரம் அதிகம், நிரப்ப ஆள் குறைவு என்னும் அப்படிப்பட்ட இடத்தில், வேறு எங்கேயும் ஐந்து வருடம் கழித்துக் கொடுக்கிற வேலையை உங்களுக்கு ஐந்தாவது மாதத்தில் கொடுப்பார்கள். பனிக்காலத்துக்கு நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், புதிதாக வந்தவரைத்தான் அதிகாலை 4 மணிக்குப் பனியில் நிறுத்துவார்கள். சேர்ந்த பிறகு எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், இதே பகுதியில் போடுகிறேன்.